பூட்டிய செட்டும் பூட்டாத கதவும்

தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது காரின் கதவுகள் நான்கும் சாத்தித்தான் கிடந்தன. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். திருகிய உடனே நீல வெளிச்சத்தோடு விழித்துக்கொள்ளும் திரை அன்று விழிக்கவில்லை. அப்போதுதான் டேஷ்போர்ட்டின் நடுவே இருந்த பொந்து கண்ணில் பட்டது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு வயர்கள் உள்ளேயிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. பலாப்பழத்தில் சுளையை மட்டும் எடுத்துக்கொண்டு சக்கையை வீட்டுக்காரனுக்கு விட்டுப் போவது போல, செட்டையும் சீற்றுக்கு அடியில் கிடந்த சப்வூஃபரையும் எடுத்துக்கொண்டு மிச்சக் காரை எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தான்.

நோன்பு காலத்துக் கல்முனையில் இரவுதான் பகல். பள்ளிவாசல் ஒழுங்கையில் ஐந்து நிமிடத்துக்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பதினைந்து பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"கதவப் பூட்டினயா?"

எங்கள் பக்கத்துத் தமிழில் 'பூட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கதவைப் பூட்டுவோம். ஃபேனும் பூட்டுவோம், கரண்ட் மீற்றரும் பூட்டுவோம், காருக்குச் செட்டும் பூட்டுவோம். பொருத்துவதும் பூட்டுவதுதான், சாவி போட்டு அடைப்பதும் பூட்டுவதுதான். முதல் வேலையை மூன்று மாதத்துக்கு முன்னர் ஆசை ஆசையாகச் செய்திருந்தேன். இரண்டாவது வேலையைச் செய்தேனா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. பின் சீற்றிலிருந்து இறங்கிய மருமகன் கதவைத் தள்ளிவிட்டு வுழூச் செய்ய ஓடியது மட்டும் ஞாபகம் இருந்தது.

கூட்டத்தில் நின்ற காக்கா ஒருவர் தோளில் தட்டினார். "ஃபுல் இன்சூரன்ஸ்தானே போட்டிரிக்காய்? பிறகென்ன, பழசு போய்ப் புதுசு வருது. ஒண்டுக்கும் யோசிக்காத."

அந்த 'பழசு போய்ப் புதுசு' எவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகும் என்பதை அடுத்த ஏழு வாரங்கள் எனக்குப் படிப்பித்தன. செட் களவு போனால் கையில் எவ்வளவு காசு வரும் என்பது, அந்தச் செட்டைப் பூட்டிய அன்றைக்கே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அன்று என்ன எழுதி வைத்தோம், என்ன படம் எடுத்தோம், என்ன பில் வாங்கினோம் என்பதுதான் கணக்கு. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை நெடுக ஓடும் வாகனங்களில் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள்? நான் செய்திருக்கவில்லை.

ஜப்பான்காரனின் காது

முதலில், கையிலிருந்த நல்ல செட்டைக் கழற்றிவிட்டு வேறு செட் ஏன் பூட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கார் வைத்திருக்கும் பாதிப் பேரின் கதையும் இதுதான்.

எங்களிடம் வரும் விட்ஸ், அக்வா, ஆக்சியோ, வேகன் ஆர் எல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, ஏலத்தில் விலைப்பட்டு, கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கியவை. இயந்திரம் நன்றாக இருக்கும். ஏசி குளிரும். வானொலிதான் ஊமை. ஜப்பானில் எப்.எம். வானொலி ஒலிப்பது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. பின்னாளில்தான் 95 வரை நீட்டினார்கள். இலங்கையில் எப்.எம். என்பது 88க்குக் கொஞ்சம் முன்னாலிருந்து 108 வரை. ஆக, ஜப்பான் செட்டின் காதுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ஓரத்துச் சில்லறை மட்டுமே விழும். நூறுக்கு மேலே எந்த நிலையம் என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது. அட்டாளைச்சேனையில் பிறை எப்.எம். வந்த பிறகு, எங்கள் பக்கத்துச் செய்தியும் மஃரிப் பாங்கும் காருக்குள் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் வீதியில் மாட்டிக்கொண்டவனுக்கு வானொலிதான் பள்ளிவாசல்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 'பேண்ட் எக்ஸ்பேண்டர்' என்று விரல் பருமனில் ஒரு சாமான் இருக்கிறது. அன்டெனா வயருக்கு இடையில் அதைப் பூட்டினால், எங்கள் அலைவரிசையை ஜப்பான்காரனுக்குக் கேட்கும் அலைவரிசைக்கு இறக்கிக் கொடுக்கும். திரையில் ஒரு இலக்கம் தெரியும், பேசுவது வேறு நிலையமாக இருக்கும், பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள முடியாதது மற்றத் தொல்லைகள். பற்றரியை ஒருமுறை கழற்றிப் பூட்டினால் ரொயோட்டாவின் சில செட்கள் கடவுச்சொல் கேட்டு அடம்பிடிக்கும். சிலவற்றுக்கு வரைபடம் ஏற்றிய எஸ்.டி. காட் உள்ளே இல்லாவிட்டால் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து.

களவெடுத்தவனிடம் வேலை செய்யக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டுத்தான் அந்தக் கடவுச்சொல். இங்கே வந்து சொந்தக்காரனையே வெளியில் நிறுத்துகிறது.

அதனால் கழற்றுகிறோம். ஜப்பான் செட் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றப்பட்டு அலுமாரிக்கு மேலே போகிறது. அதன் இடத்தில் ஒன்பது அங்குலத் திரையோடு அன்ட்ரொய்ட் செட் வந்து உட்காருகிறது. யூரியூப், ரிவர்ஸ் கமரா, கிராஅத், கூகுள் வரைபடம், இடைக்கிடை பழைய பாட்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் புதுக் கார் வாங்க முடியாதவனெல்லாம் பழைய காருக்குப் புதுத் திரை பூட்டி மனதை ஆற்றிக்கொண்டான் என்பது என் கணிப்பு.

உலகத்தில் கார் செட் களவுக்கு நூறு வருடத்துக்குக் கிட்டிய வரலாறு இருக்கிறது, ஏனென்றால் கார் செட்டுக்கே அவ்வளவுதான் வயது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் கார் வானொலி செய்து விற்றார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. 1980களில் நியூயோர்க்கில் காரை நிறுத்திப் போகிறவர்கள் 'உள்ளே ரேடியோ இல்லை' என்று கண்ணாடியில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். திருடனுக்கு மரியாதையாக ஒரு கடிதம்! பிறகு முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் செட்கள் வந்தன, கடவுச்சொல் வந்தது, கடைசியில் கம்பனிகளே காரின் உடலோடு சேர்த்துத் திரையை வார்த்துவிட்டார்கள். பிடுங்கினால் வேறு காரில் வேலை செய்யாது என்பதால் அந்தக் களவின் மவுசு அங்கே குறைந்தது.

நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். பிடுங்கினால் உதவாத செட்டை நாமே பிடுங்கிவிட்டு, எந்தக் காருக்கும் பொருந்தும் செட்டைப் பூட்டினோம். கார் செட்டின் முகப்புக்கு 180க்கு 50 மில்லிமீற்றர் என்று ஜெர்மனியில் வகுத்த ஒரு பொது அளவு இருக்கிறது. இரட்டைச் செட் என்றால் உயரம் 100. ரொயோட்டா மட்டும் அகலத்தை 200 என்று வைத்துக்கொண்டது, அதற்கும் சட்டம் விற்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தால் கடைக்காரருக்கு லேசு. திருடனுக்கும் லேசு.

படத்தில் இருந்த செட்

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டை எழுதியவர் பொறுமையான மனிதர். "செட்டுக்கு சீரியல் நம்பர்?" என்றார். தெரியாது என்றேன். "பெட்டி இருக்கா?" பெட்டியில் உம்மா வெங்காயம் போட்டு வைத்து, அது நைந்து, குப்பைக்குப் போய்விட்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'கறுப்பு நிறத் திரையுள்ள செட் ஒன்று' என்று எழுதினார். அப்படி எழுதினால் கல்முனை பஸாரில் ஓடும் காரில் பாதி அந்தச் செட்டுக்குரிய கார்தான். நாளைக்கே எங்காவது அகப்பட்டாலும் இது என்னுடையதுதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பேன்?

காப்புறுதிக் கம்பனிக்கு இரவே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. தாமதித்துச் சொன்னால் அதையே ஒரு காரணமாகப் பிடிப்பார்கள். இரண்டு நாளில் மதிப்பீட்டாளர் வந்தார். பொந்தைப் படம் எடுத்தார். பிறகு தன் டெப்பைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முன்னர் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடும்போது எடுத்த படங்களைக் காட்டினார். டேஷ்போர்ட்டின் படமும் இருந்தது. அதன் நடுவில், ஜப்பானிய எழுத்தோடு, பழைய ரொயோட்டா செட்.

"நாங்க காப்புறுதி செஞ்சது இந்தச் செட்டோட உள்ள காரை. நீங்க கேக்கிறது வேற செட்டுக்கு. மாத்தினதை அறிவிச்சீங்களா?"

அறிவிக்கவில்லை. இப்படியும் அறிவிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பத்திரத்தில் சொல்லியிருந்தது. வாசிக்காதது நான்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "படத்தில இருக்கிற செட்டே களவு போனதெண்டா கணக்கு லேசு" என்றார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. படத்தில் இருக்கிற செட் களவு போகவில்லை. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, ஷொப்பிங் பைக்குள், பத்திரமாகத் தூங்குகிறது. ஒரு தலையாட்டலில் முடிந்திருக்கும். நோன்பு பிடித்த வாயோடு அந்தத் தலையாட்டலைச் செய்ய முடியவில்லை. "அது வீட்ட இரிக்கி" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏழு வாரம்.

ஃபுல் என்றால் எவ்வளவு?

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாங்கள் சொல்வது முழுமையான காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். நம் வாகனம் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு அது. 'தேர்ட் பார்ட்டி' மட்டும் போட்டிருப்பவருக்குச் செட் போனாலும் காரே போனாலும் ஒரு சதமும் கிடையாது. லீசிங்கில் எடுத்த வாகனங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கேட்பார்கள். லீசிங் முடிந்த மறுவருடமே தேர்ட் பார்ட்டிக்கு இறங்கிவிடுகிறவர்கள் அனேகம்.

ஃபுல் போட்டவருக்கும் 'ஃபுல்' வராது. ஏன் வராது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

உங்கள் செட் 90,000 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள், பில்லும் இருக்கிறது. ஒன்றரை வருடம் பாவித்த சாமான் என்று தேய்மானமாக ஐந்தில் ஒன்றைக் கழித்தால் 72,000. அடுத்தது குறைகாப்புறுதி. கார் சந்தையில் 60 இலட்சம் போகிறது, நீங்கள் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 40 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்தால் இழப்பிலும் மூன்றில் இரண்டுதான் வரும்: 48,000. கடைசியாக 'எக்ஸஸ்', அதாவது எந்த இழப்பிலும் முதல் பங்கு உங்களுடையது. அது 10,000 என்றால் கைக்கு வருவது 38,000.

குறைகாப்புறுதியில் நம்மில் பலர் தெரியாமலே விழுந்தோம். 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. இறக்குமதியும் நின்றுபோயிருந்ததால் பழைய கார்களின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் கார் நிற்க நிற்க அதன் காப்புறுதி சுருங்கிக்கொண்டு போனது.

இதற்கெல்லாம் மேலே 'நோ கிளெய்ம் போனஸ்' இருக்கிறது. கோரிக்கை வைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியத்தில் கழிவு ஏறும். ஒரு சின்னக் கோரிக்கை வைத்தால் அது இறங்கும் அல்லது அறுந்தே போகும். இந்தியாவில் அந்தக் கழிவு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் கோராதவருக்கு 50 சதவீதம் வரை ஏறுகிறது. 38,000 ரூபாயை வாங்கிவிட்டு வருடாவருடம் அதைவிடக் கூடுதலாகப் பிரீமியத்தில் திருப்பிக் கட்டுவது வியாபாரம் தெரிந்த ஊருக்கு அழகில்லை. ஆகவே கோரிக்கைப் படிவத்தை நிரப்ப முன்னர் முகவரிடம் "போனஸில் எனக்கு எவ்வளவு நட்டம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சில வேளை வாய் மூடி இருப்பதே இலாபம்.

மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் இன்னொரு பொறி இருக்கக்கூடும். இந்தியாவில் இருசக்கர வாகனங்களின் பொதுவான பத்திரத்தில், துணைச் சாமான்கள் மட்டும் தனியாகக் களவு போனால் இழப்பீடு இல்லை, வாகனமும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் ஓட்டோக்களில் சிலவற்றின் பின் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களைப் பார்த்தால் அது ஓட்டோவா கலியாண வீடா என்று சந்தேகம் வரும். அந்தத் தம்பிமார் தங்கள் பத்திரத்தில் இந்த ஒரு வசனத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. செட்டைக் கொண்டுபோகிறவன் ஓட்டோவையும் சேர்த்துக் கொண்டுபோனால்தான் காசு என்றால், என்ன விசித்திரம் பாருங்கள்.

அறிவிப்பது பெரிய வேலையோ பெரிய செலவோ இல்லை. இந்தியாவில் 2002இல் வந்த மோட்டார் கட்டண அட்டவணை, கம்பனி விலையில் சேராத மின் சாதனங்களுக்கு அவற்றின் பெறுமதியில் 4 சதவீதத்தை மேலதிகப் பிரீமியமாக வைத்தது. 50,000 ரூபாய்ச் செட்டுக்கு வருடத்துக்கு 2,000. இங்கே கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், ஆனால் விஷயம் அதுதான்: சாமானின் பெயர், இலக்கம், பெறுமதி, கொஞ்சம் காசு, பத்திரத்தில் ஒரு வரி.

கலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரத்தில் பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டதை இந்தக் கரை மறக்கவில்லை. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு சாதாரணக் காப்புறுதிக்குள் தானாக வராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். செட்டைப் பற்றி அறிவிக்கப் போகிற அன்றே இதையும் கேட்டுவிடலாம்.

"எவ்வளவுக்கு எழுத?"

பில் வேண்டும் என்று செட் பூட்டிய கடைக்குப் போனேன். பூட்டிய அன்று தந்தது கொப்பித் தாளில் கிழித்த அரைத் துண்டு: 'செட் 1, சப் 1'. திகதி இல்லை, இலக்கம் இல்லை, கடையின் முத்திரைகூட இல்லை. கடைத் தம்பி புதுப் பில் புத்தகத்தைத் திறந்து, பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"எவ்வளவுக்கு எழுத காக்கா?"

தண்ணீர் வேண்டுமா, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பது போல. இந்தக் கேள்வியை அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் காசு யாருடைய காசும் இல்லை, கொழும்பில் ஏசி அறையில் கிடக்கும் காசு என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அது பொருந்தாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் போட்டிருப்பது தகாஃபுல்.

1985 டிசம்பரில் இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் கழகம் ஜித்தாவில் கூடி, இலாப நோக்கிலான வர்த்தகக் காப்புறுதி ஆகாது என்றும் கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதி ஆகும் என்றும் தீர்மானித்தது. அதற்கு முன்பே 1979இல் சூடானில் அப்படியொரு கம்பனி தொடங்கியிருந்தது. இலங்கைக்கு அது 1999இல் அமானா தகாஃபுல் மூலம் வந்தது. கட்டும் பணம் 'தபர்ரு', அதாவது நன்கொடை. எல்லோருடைய நன்கொடையும் ஒரு பொதுக் குடத்தில் விழுகிறது. இழப்பு வந்தவருக்கு அந்தக் குடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். நடத்துகிறவர்களுக்குக் கூலி. மிஞ்சினால் கட்டியவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் குடத்தில் மருதமுனை நெசவாளியின் வேனுக்குக் கட்டிய காசும் கிடக்கலாம், ஒலுவில் மீன் வியாபாரியின் லொறிக்குக் கட்டியதும் கிடக்கலாம். 78,000 ரூபாய்ச் செட்டுக்கு 1,10,000 என்று எழுதி வாங்கினால் மேலதிகமான 32,000 யாருடையது? மௌலவி ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் சிரித்துவிட்டு, "பாட்டுக் கேக்கிற செட்டுக்கு நட்டஈடு கூடுமா கூடாதா எண்டு கேப்பாய் எண்டு நினைச்சன், நல்ல கேள்வியாக் கேட்டாய்" என்றார். வர்த்தகக் காப்புறுதி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தாமல் இல்லை. பொய்ப் பில் அங்கேயும் மோசடிதான், கண்டுபிடித்தால் மொத்தக் கோரிக்கையும் போய்விடும்.

வந்த காசில் முன்பிருந்ததைவிட நல்ல செட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பணமாகத் தந்துவிட்டால் அது உங்கள் பணம்; மேலே சொந்தக் காசைப் போட்டு நல்லதாக வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை, ஒன்றுமே வாங்காமல் பெருநாளைக்கு உடுப்பு எடுத்தாலும் கேட்பாரில்லை. ஆனால் பணமாகத் தருவதா, சாமானாக மாற்றித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பத்திரங்கள் வழமையாகக் கம்பனிக்கே கொடுக்கின்றன. காசு வாங்கிய பிறகு களவு போன செட் அகப்பட்டால் அது கம்பனிக்குச் சேர வேண்டியது என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை.

இன்னொரு புத்திமதியும் வந்தது. "அரை விலைக்கு ஒரு செட் இரிக்கி, பெட்டியில்ல, பில் இல்ல, வாங்கிறியா?" என்று ஒருவர். பெட்டி இல்லாத செட் எப்படிப் பிறந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையதும் இந்நேரம் எங்கோ அப்படித்தான் விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கும். களவுச் சாமான் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்குவது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவில் குற்றம். கொழும்பு பஞ்சிகாவத்தையில், களவு போன பக்கக் கண்ணாடியைச் சொந்தக்காரனே திரும்ப விலைக்கு வாங்கி வந்ததாக ஆளுக்கு ஆள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதையோ நிஜமோ, அப்படி வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அடுத்த தராவீஹுக்கும் ஒரு டேஷ்போர்ட் பொந்தாகும்.

வந்த காசும் போன வழியும்

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. அறிவிக்காத சப்வூஃபருக்கு ஒன்றும் இல்லை. அறிவிக்காத செட்டை, அது எந்தச் செட்டின் இடத்தில் இருந்ததோ அதன் பெறுமதிக்கு மேல் போகாமல் கணக்கில் எடுத்திருக்கிறோம். தேய்மானம், எக்ஸஸ் போக 21,500 ரூபாய். பூட்டுக் கூலியோடு எனக்குப் போனது 1,18,000.

கோபம் வந்தது. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, 2005 முதல் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டுப் பதில் திருப்தியில்லை என்றால் அவரிடம் போகலாம். கொழும்புக்கு ஒரு இராப் பயணம், எழுதியும் அனுப்பலாம். நியாயமான கோரிக்கையை இழுத்தடிக்கும் இடங்களில் தயங்காமல் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். என் விஷயத்தில் போகவில்லை. என்ன எழுதுவேன்? அறிவிக்கவில்லை, இலக்கம் இல்லை, பில் இல்லை, கதவு பூட்டியதா என்று தெரியாது. வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கும் நிபந்தனையை அவர்கள் தூக்கிப் பிடித்திருந்தால் அந்த 21,500உம் வந்திராது. என் தீர்ப்பில் எனக்குக் கிடைத்தது நியாயத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

அந்தக் காசில் அதே மாதிரித் திரை வாங்க முடியாது. அலுமாரிக்கு மேலே ஏறி ஷொப்பிங் பையை இறக்கினேன். ஜப்பான் செட்டைப் பூட்டியதும் எதிர்பார்த்தபடியே கடவுச்சொல் கேட்டது. அதைத் திறந்து தருகிற ஒரு பொடியன் அக்கரைப்பற்றில் இருந்தான்; அவனுக்குக் கொஞ்சம், எக்ஸ்பேண்டருக்குக் கொஞ்சம். மிச்சக் காசில் நான்கு கதவுக்கும் சென்ட்ரல் லொக்கும் சைரனும். கதவுக்குப் பூட்டுப் பூட்டியிருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன். திரையில் எண்பது சொச்சம் காட்டுகிறது, காதில் நூறு சொச்சம் கேட்கிறது, மஃரிபுக்குப் பாங்கும் கேட்கிறது.

உங்கள் வாகனத்திலும் இடையில் பூட்டிய செட் இருந்தால் இரண்டு வேலை இன்றைக்கே முடியும். பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் டேஷ்போர்ட்டையும் படம் எடுத்து, செட்டின் பெறுமதியோடு காப்புறுதி முகவருக்கு அனுப்பி, பத்திரத்தில் ஒரு வரி ஏற்றித் தரச் சொல்லுங்கள். பெட்டியில் வீட்டில் வெங்காயம் போட்டிருந்தால், அதைக் கொட்டிவிட்டு எடுங்கள்.